கடைவாய் எங்கே இருக்கிறது

"நாலாவது மேடை" என்று சொல்ல வாயை இரண்டு தடவை அகலமாகத் திறக்க வேண்டும். இருபத்தாறு வருஷமாக ஒரு நாளைக்கு நாற்பது தடவை அதைச் சொல்லிக்கொண்டிருந்த படகுத்துறை அறிவிப்பாளருக்கு, மேலுதடும் கீழுதடும் சேருகிற இரண்டு முனைகளிலும் தோல் வெடித்த பிறகுதான் இது உறைத்தது. 'நா'வில் வலது முனை விண்ணென்று இழுக்கும். 'லா'வில் இடது முனை பிளந்து நாக்கில் உப்புக் கரிக்கும்.

வலிக்குப் பயந்து அவர் மொழியை மாற்றினார். 'நாலாவது மேடை', 'மேடை எண் நான்கு' ஆயிற்று. இரண்டு திறப்பு ஒன்றாகக் குறைந்தது. 'தாமதமாகப் புறப்படும்' என்பதைச் 'சற்றுப் பின் புறப்படும்' என்றார். 'காத்திருக்கவும்' போய் 'பொறுத்திருக்கவும்' வந்தது. பயணிகள் யாரும் கவனிக்கவில்லை. மூட்டையும் குழந்தையுமாக ஓடுகிறவர்களுக்கு இலக்கணமா முக்கியம்? கீழே டிக்கெட் கவுண்டரில் இருக்கும் அம்மாள்தான் தேநீர் இடைவேளையில் கேட்டார்: "என்ன மைக் அண்ணே, ரெண்டு வாரமா செய்யுள் மாதிரி பேசுறீங்க?"

துறையில் அவருக்குப் பெயர் மைக் அண்ணன்தான். படகுகள் வந்து கட்டும் ஆறு மேடைகளுக்கும் மேலே, இரும்புப் படி ஏறிப் போனால் ஒரு கண்ணாடி அறை. அதில் ஒரு மேஜை, வளைந்த கழுத்துள்ள ஒரு மைக், படகு நேர அட்டவணை, ஒரு ஃபிளாஸ்க், அவர். அங்கிருந்து பேசினால் துறை முழுக்கக் கேட்கும். தெருவின் எதிர்ச் சாரியிலும் கேட்கும். அங்கே விளக்குக் கம்பத்தில் ஒரு ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். அந்தக் கம்பத்துக்கு நேர் பின்னால் ஒரு சின்ன போட்டோ ஸ்டூடியோ. அடையாள அட்டைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் படம் எடுக்கிற இடம். "நிமிர்ந்து உக்காருங்க, சிரிக்காதீங்க, வாயை மூடுங்க" என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பவள் அவர் மனைவி. புருஷன் வாயைத் திறந்து பிழைத்தான், பெண்டாட்டி மற்றவர் வாயை மூடவைத்துப் பிழைத்தாள் என்று அவருடைய சகலை கல்யாணத்தன்றே சொல்லிச் சிரித்திருந்தார்.

கல்யாணமாகி மூன்று வருஷம்தான். ஐம்பத்தைந்து வயது வரை கட்டைப் பிரம்மச்சாரியாக இருந்தவருக்கு, கணவனை இழந்து ஸ்டூடியோவைத் தனியாக நடத்திக்கொண்டிருந்த நாற்பத்தொன்பது வயதுப் பெண்ணைப் பேசி முடித்தவள் அவளுடைய அக்கா. மாப்பிள்ளையை முதலில் பார்க்க வந்தபோது அக்காவுக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று இருந்தது. "பல்லைப் பாருடி, முத்துக் கோத்த மாதிரி. இந்த வயசுல யாருக்கு இப்படி இருக்கு?" என்று அவர் எதிரிலேயே தங்கையிடம் சொன்னாள்.

அவர் பொய் சொல்லவில்லை. சிரித்தார், அவ்வளவுதான். அந்த முத்தெல்லாம் கடையில் செய்தவை. ஈறு நோய் வந்து நாற்பத்துநாலு வயதிலேயே எல்லாப் பல்லையும் பிடுங்கிவிட்டு, மேலே ஒன்று கீழே ஒன்றாக முழுச் செட்டு கட்டிக்கொண்டவர். சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தார். கல்யாணமான முதல் வாரம் அதைச் சொல்வதற்கு ரொம்பச் சீக்கிரமாகப் பட்டது. முதல் மாதம் முடிந்தபோது ரொம்பத் தாமதமாகிவிட்டதாகப் பட்டது. நடுவில் சரியான நாள் ஒன்று இருந்திருக்க வேண்டும். அது எப்போது வந்து எப்போது போயிற்று என்று அவருக்குத் தெரியவில்லை.

அதனால் தூங்கும்போதும் செட்டைக் கழற்றுவதில்லை. காலையில் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டு, குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் செட்டைக் கழற்றித் தேய்த்து, ஒட்டும் பசை தடவி, திரும்பப் பொருத்திக்கொண்டு வெளியே வருவார். பசை ட்யூப் சவரப் பெட்டியின் அடித்தட்டில் இருந்தது. மூன்று வருஷம் ஒரு குடும்பத்தில் இப்படி ஓட்டிவிட்டதில் அவருக்கே கொஞ்சம் பெருமை உண்டு. இருவரும் ஒருவரையொருவர் இன்னும் 'நீங்க' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டார்கள். பின்வயதுக் கல்யாணத்தில் மரியாதை சட்டென்று இறங்காது. அந்த மரியாதையும் ரகசியத்துக்குக் காவலாக இருந்தது.

இடைஞ்சல் மைக்கால் வந்தது. ஐந்து மாதத்துக்கு முன் துறையில் புது மைக் வைத்தார்கள். பழையது இரைச்சலோடு இரைச்சலாக எல்லாவற்றையும் விழுங்கிவிடும். புதியது மூச்சுச் சத்தத்தைக்கூட விடாமல் பிடித்துவிடும். வைத்த மூன்றாம் நாளே மேற்பார்வையாளர் மேலே ஏறி வந்து, அறிவிப்புக்கு நடுவே டக் டக்கென்று ஒரு சத்தம் கேட்கிறது, வயர் எங்கேயோ லூசாக இருக்கிறது என்றார். எலக்ட்ரீசியன் வந்தான். வயரை ஆட்டினான், பிளக்கைக் கழற்றித் துடைத்தான், ஒன்றும் புரியாமல் போனான். அடுத்த வாரம் மறுபடியும் வந்து முழு வயரையும் மாற்றினான். டக் டக் நிற்கவில்லை.

அறிவிப்பாளருக்கு முதல் நாளே தெரியும். மேல் செட்டின் கடைவாய்ப் பற்களும் கீழ் செட்டின் கடைவாய்ப் பற்களும் மோதுகிற சத்தம் அது. அதை யாரிடம் சொல்வது? செட்டு செய்துகொடுத்தவர் எப்போதோ கடையை மூடிவிட்டுப் போயிருந்தார். மூன்று நாள் மதிய இடைவேளையில், கண்ணாடி அறையின் கதவைச் சாத்தி, முதுகைத் துறைக்குக் காட்டி உட்கார்ந்து, உப்புத்தாளால் அந்தப் பின்பக்கப் பற்களை அவரே தேய்த்தார். போட்டுப் பார்ப்பார், "மேடை" என்பார், மறுபடி கழற்றித் தேய்ப்பார். மூன்றாம் நாள் சத்தம் சுத்தமாக நின்றுவிட்டது. எலக்ட்ரீசியன் தான் மாற்றிய வயரைப் பற்றித் துறை முழுக்கப் பேசித் திரிந்தான். இவரும் அவனுக்கு ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்துப் பாராட்டினார்.

அதற்கு இரண்டு மாதம் கழித்துத்தான் வாய் வெடித்தது. ஒன்றுக்கும் மற்றதற்கும் முடிச்சுப் போட அவருக்குத் தோன்றவில்லை.

வைத்தியம் சொல்லப் பஞ்சமில்லை. மனைவி முதல் நாளே பார்த்துவிட்டு, "வாயோரம் வெடிச்சிருக்கு. குளிர்ல இப்படித்தான் ஆகும். நக்காம இருந்தா போதும்" என்று ஒரு களிம்பு டப்பாவைக் கொடுத்தாள். தடவினால் இதமாக இருந்தது. அடுத்த வாய் தேநீரோடு போய்விட்டது. நக்காமல் இருப்பது நடக்கிற காரியமாக இல்லை. முனைகளில் எப்போதும் ஒரு ஈரம் நின்றது. நாக்கு அங்கேதான் போயிற்று. நக்க நக்கக் காய்ந்து மேலும் பிளந்தது. டிக்கெட் கவுண்டர் அம்மாள் சத்துக் குறைவு என்று வைட்டமின் மாத்திரை வாங்கச் சொன்னார். இரண்டு அட்டை தீர்த்தார். போனில் விசாரித்த சகலை எல்லாம் உடம்புச் சூடு என்று ஒரே வார்த்தையில் முடித்தார். சகலைக்குக் கால் சுளுக்கினாலும் உடம்புச் சூடுதான். தேன் தடவிப் பார்த்தார். எறும்பு மொய்க்காத குறையாகத் தூங்கி எழுந்ததுதான் மிச்சம். இரண்டு மாதமாகியும் புண் ஆறுவதும் திறப்பதுமாக இருந்தது. முனைகளில் வெள்ளையாக ஒரு ஏடு படிந்தது.

ஒரு திங்கட்கிழமை, படகுகள் நெரிசலாக வந்த நேரத்தில், பழைய பழக்கத்தில் 'ஆறாவது மேடை'க்கு வாயைத் திறந்தவர் பாதியிலேயே நிறுத்திவிட்டார். அன்றைக்கே ஒரு தாளை எடுத்து எழுதினார்: 'ஐயா, இரண்டு மாதமாக ஆறாத கடைவாய்ப் புண் காரணமாக, ஒரு வாரம் மைக் பணியிலிருந்து எனக்கு விலக்கு அளிக்க வேண்டுகிறேன்.' மேற்பார்வையாளர் விடுப்பில் இருந்தார். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். வைத்ததை மறந்தும் போனார்.

மறுநாளிலிருந்து வீட்டில் பேச்சு நின்றது.

சண்டை இல்லை, கோபம் இல்லை. சமையல் எல்லாம் குழைவாக வந்தது. ஆப்பிளைத் தோல் சீவி வேகவைத்துத் தந்தாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள். தானாக எதுவும் சொல்லவில்லை. ஆனால் பார்த்தாள். வாடிக்கையாளரின் முகத்தைக் கம்ப்யூட்டர் திரையில் பெரிதாக்கி, எது நிழல் எது தழும்பு என்று பார்ப்பாளே, அந்தப் பார்வை. புதன்கிழமை சாயங்காலம் சுவரிலிருந்த கல்யாணப் படத்தைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, அதையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "மூக்குக்குக் கீழ சின்னதாயிட்டு வருது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அறிவிப்பாளர், செட்டு விஷயம் அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தார். முகத்தைப் படித்தே பிழைக்கிறவளிடம் மூன்று வருஷம் தப்பியதே பெரிய விஷயம். முத்துப் பல் மாப்பிள்ளை என்று நம்பவைத்துக் கழுத்தை நீட்டவைத்த ஆள் என்று அவள் மனதில் எழுதியிருப்பாள். எப்போது கேட்பது என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவர் கேள்விக்காகக் காத்திருந்தார். ஒத்திகைகூடப் பார்த்தார். 'அது வந்து' என்பதைத் தாண்டி எந்த ஒத்திகையும் போகவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, இவர் குளியலறையை விட்டு வெளியே வந்ததும், அவள் புடவை மாற்றிக் கைப்பையோடு நின்றுகொண்டிருந்தாள். இன்றைக்கு லீவு சொல்லிவிடுங்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறோம், பதினோரு மணிக்கு நேரம் வாங்கியிருக்கிறேன் என்றாள்.

"வாய் வெடிச்சதுக்கெல்லாம் ஆஸ்பத்திரியா?"

"வெடிச்சதுக்கு இல்ல," என்றாள். பஸ்ஸில் கைப்பையை மடியில் அணைத்துக்கொண்டே வந்தாள்.

மூன்றாம் மாடியில் நீளமான ஒரு தாழ்வாரம். சுவரோரமாக பிளாஸ்டிக் நாற்காலிகள். கதவின் மேல் 'வாய், தாடை நோய்கள்' என்று எழுதியிருந்தது. கையில் பதினேழாம் எண் சீட்டு. எதிரே கழுத்தில் கட்டுப் போட்ட ஒருவர் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். அந்தத் தாழ்வாரத்தில் உட்காரும் முறை அவளுக்குத் தெரிந்திருந்தது. எந்த நாற்காலியின் கால் ஆடும் என்பதுகூடத் தெரிந்திருந்தது. அதை விட்டு அடுத்ததில் உட்காரச் சொன்னாள். அப்போதுதான் அவருக்கு ஏதோ வேறு மாதிரி இருக்கிறதே என்று பட்டது.

"சட்டைப் பையில லெட்டர் இருந்துச்சு," என்றாள். "கடைவாய்ப் புண்ணுன்னு எழுதியிருந்தீங்க. ரெண்டு மாசமா ஆறலைன்னு. ஆபீசுக்குச் சொல்றீங்க, எங்கிட்ட சொல்லல."

அவருக்கு விளங்கவில்லை. "உங்களுக்குத்தான் தெரியுமே. நீங்கதானே களிம்பு குடுத்தீங்க." உதட்டு முனையைத் தொட்டுக் காட்டினார்.

"இது வாயோரம்." அவள் தன் காதுக்குக் கீழே, தாடை திரும்புகிற இடத்தில் விரலை வைத்தாள். "கடைவாய் இங்க. அவருக்கு இங்கதான் வந்துச்சு."

அவர் என்றால் அவளுடைய முதல் கணவர். ஸ்டூடியோவை ஆரம்பித்தவர், எந்நேரமும் வாயில் புகையிலை அடக்கியிருந்தவர். ஒன்பது வருஷத்துக்கு முன் பின்பல்லுக்குப் பக்கத்தில் ஒரு புண் என்று ஆரம்பித்து, ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று ஆறு மாதம் மறைத்து, இதே தாழ்வாரத்துக்கு வந்து சேர்ந்தபோது கழுத்து வரை பரவியிருந்தது. இது அறிவிப்பாளருக்குத் தெரியும். ஆனால் அந்தப் புண்ணுக்கு அந்த வீட்டில் என்ன பெயர் என்று அவர் கேட்டதில்லை.

"எங்க வீட்ல இதைத்தான் கடைவாய்ம்போம்," என்று அவசரமாகச் சொன்னார். "தூங்கறப்ப எச்சில் வழிஞ்சா, கடைவாய்ல வழியுதுன்னு நீங்க சொல்லமாட்டீங்களா?"

"அப்ப கடைவாய்ப் பல்லு எங்க இருக்கு? உதட்டுலயா?"

பல் என்ற சொல் வந்ததும் அவர் வாய் தானாக மூடிக்கொண்டது.

அவள் அதையும் பார்த்தாள். குரலைத் தாழ்த்தி, அடுக்கிவைத்திருந்ததை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னாள். காலையில் அரை மணி நேரம் தாழ் போட்டுக்கொண்டு குழாயைத் திறந்துவிடுகிறார். போன வாரம் வாஷ்பேசின் ஓரத்தில் ரோஸ் நிறத்தில் கொழகொழவென்று ஒட்டியிருந்தது. ரத்தம் கலந்த எச்சில் அப்படித்தான் இருக்கும், அவள் பார்த்திருக்கிறாள். கடலை தந்தால் பையில் போட்டுக்கொள்கிறார், மெல்லுவதில்லை. முகம் சிறுத்துக்கொண்டே வருகிறது. "உள்ள ஒண்ணுமில்லைன்னா சொல்லுங்க. அந்த ரோஸ் கலர் என்ன? நான் நம்பிடறேன்."

ஒரே ஒரு வாக்கியம் போதும். 'அது பல்செட்டை ஒட்டுற பசை' என்று சொன்னால் நாலு நாளாக அவள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருப்பது இறங்கிவிடும். இருபத்தாறு வருஷமாக ஆயிரம் பேருக்கு நடுவில் வாய் கூசாமல் பேசியவருக்கு அந்த ஒரு வாக்கியம் வரவில்லை. உதட்டை நக்கிக்கொண்டார். எரிந்தது. அவர் பேசாமல் இருந்ததை அவள் பதிலாக எடுத்துக்கொண்டாள். கைப்பையின் வாரை விரலில் சுற்றி, பிரித்து, மறுபடி சுற்றினாள்.

நர்ஸ் பதினேழு என்று கூப்பிட்டாள். அவர் எழுந்தார். "நீங்க இங்கயே இருங்க, நான் காட்டிட்டு வந்துடறேன்."

"அவரும் இதைத்தான் சொன்னார்," என்றாள் மனைவி. "நானும் இங்கயேதான் இருந்தேன்."

அவர் அந்த நாற்காலிகளைப் பார்த்தார். ஆடுகிற கால் உள்ளதையும் பார்த்தார். அவள் அதில் எத்தனை நாள் உட்கார்ந்திருந்தால் அது ஆடும் என்று தெரிந்துவைத்திருப்பாள். "சரி, வாங்க," என்றார்.

டாக்டர் அம்மாள் குள்ளமாக, நெற்றியில் விளக்கோடு இருந்தார். இவரை உட்காரவைத்து, முகத்தை நேராக ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்பே கேட்டார்: "செட்டு போட்டு எத்தனை வருஷமாச்சு?"

"என்ன செட்டு?" என்றாள் மனைவி.

டாக்டர் கிட்னி வடிவத்தில் இருந்த ஒரு ஸ்டீல் தட்டை நீட்டினார். அறிவிப்பாளர் கண்ணை மூடிக்கொண்டார். கட்டை விரலை உள்ளே விட்டு மேல் செட்டை நெம்பினார். 'சப்'பென்று ஒரு சத்தத்தோடு அது விடுபட்டது. பிறகு கீழ் செட்டு. இரண்டும் தட்டில் விழுந்தபோது டக்கென்று கேட்டது, புது மைக்கில் கேட்ட அதே சத்தம். அவர் கன்னம் உள்ளே போயிற்று. மனைவி இருந்த பக்கம் அவர் திரும்பவில்லை.

டாக்டர் அவசரப்படவில்லை. கன்னத்தின் உட்புறம், நாக்கின் இரண்டு ஓரம், நாக்குக்கு அடியில், ஈறு, தொண்டை என்று விளக்கடித்துப் பார்த்தார். கையுறை விரலால் உள்ளே தடவிப் பார்த்தார். கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று அழுத்தினார்.

"கடைவாய்ல பாருங்க டாக்டர்," என்றாள் மனைவி.

"எந்தக் கடைவாய்மா? இதுவா, அதுவா?"

"ரெண்டும்."

டாக்டர் மறுபடியும் பின்பக்கம் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு விளக்கை அணைத்தார். உள்ளே எங்கேயும் புண் இல்லை, கட்டி இல்லை, சந்தேகப்படும்படி எதுவும் இல்லை என்றார். மேலண்ணம் மட்டும் செட்டு உட்காருகிற அளவுக்குச் சிவந்திருக்கிறது. ராத்திரியிலும் கழற்றாமல் தூங்குகிறவர்களுக்கு அப்படிப் பூஞ்சை பிடிக்கும். அதே பூஞ்சைதான் உதட்டு முனையிலும் உட்கார்ந்திருக்கிறது. முனையில் ஏன் உட்கார்ந்தது என்றுதான் பார்க்க வேண்டும் என்று சொல்லி, தட்டிலிருந்த செட்டை எடுத்துத் திருப்பினார்.

"பின்பல்லெல்லாம் பலகை மாதிரி இருக்கே. தானா இப்படித் தேயாதே."

"தேயல. தேச்சது," என்றார் அறிவிப்பாளர். பல் இல்லாமல் அந்தச் சொல் காற்றாகப் போயிற்று. இரண்டாம் முறை சொன்னார். பிறகு மைக், டக் டக், எலக்ட்ரீசியன், உப்புத்தாள் எல்லாவற்றையும் சொன்னார். மூன்று வருஷமாக வராதது பொக்கை வாயில் தடையில்லாமல் வந்தது.

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினார். பின்பல்லைத் தேய்த்ததால் செட்டின் உயரம் போய்விட்டது. உயரம் போனதால் வாய் மூடும்போது கீழ்த்தாடை கொஞ்சம் கூடுதலாக மேலே ஏறிவிடுகிறது. உதட்டு முனைகளில் தோல் மடிந்து ஒரு பள்ளம் விழுகிறது. எச்சில் அந்தப் பள்ளத்தில் நின்று, தோல் ஊறி, ஊறிய இடத்தில் பூஞ்சை வளர்ந்து, வாயைத் திறக்கும்போதெல்லாம் பிளக்கிறது. களிம்பும் தேனும் வைட்டமினும் எப்படிப் பிடிக்கும், பள்ளம் அப்படியே இருக்கும்போது?

அப்போதுதான் மனைவி கைப்பையைத் திறந்தாள். இரண்டு படங்களை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ஒன்று கல்யாணப் படம். இன்னொன்று துறையின் அடையாள அட்டைக்காகப் போன மாதம் அவளே எடுத்தது. ஆள் கரைகிறான் என்று டாக்டரிடம் காட்டக் கொண்டுவந்திருந்தாள். டாக்டர் ஸ்கேலை வைத்துப் பார்த்து, நீங்கள் கண்டுபிடித்தது சரிதான், மூக்குக்கும் மோவாய்க்கும் நடுவில் குறைந்திருக்கிறது என்றார். "கரைஞ்சது இவர் இல்லம்மா. பல்லு."

"அந்த ரோஸ் கலர்?"

"பசை," என்றார் அறிவிப்பாளர். "ஒட்டுறது."

அவள் தட்டைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். அவர் அந்தப் பார்வைக்குத்தான் மூன்று வருஷமாகப் பயந்திருந்தார். அது வந்தது, ஆனால் அவர் நினைத்த மாதிரி இல்லை. அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தார். பாதி அழுகைதான், மீதி சிரிப்பு.

"ஏன்யா," என்றாள். "நாலு நாளா உன்னைச் சாகடிச்சுப் பாத்துட்டேன்யா நான். ஸ்டூடியோவுல உக்காந்து உன் படத்துக்கு எந்த ஃபிரேம்னு யோசிச்சிருக்கேன். பல்லாம் பல்லு."

அவர் தலை குனிந்தார்.

"ஒண்ணாவது சொந்தமா?"

இல்லை என்று தலையாட்டினார்.

"நாக்கு?"

நர்ஸ் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். டாக்டர் மருந்துச் சீட்டில் எழுத ஆரம்பித்தார். அறிவிப்பாளருக்கு அவள் திட்டியதில் பாதி காதில் விழவில்லை. 'உன்னை' என்றாளே, அது மட்டும் விழுந்தது. பொக்கை வாயோடு சிரித்துவிட்டார். முனை இழுத்தது, இழுக்கட்டும் என்று விட்டார்.

பஞ்சுக் குச்சியால் முனையிலும் அண்ணத்திலும் தடவி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். சர்க்கரைக்கும் இரும்புச் சத்துக்கும் ரத்தம் எடுத்தார்கள். அவை குறைந்தாலோ கூடினாலோ புண் ஆறாது என்றார் டாக்டர். முகம் துடைத்து ஈரமில்லாமல் வைத்துக்கொண்டு பூஞ்சைக் களிம்பை ஒரு நாளைக்கு மூன்று வேளை முனைகளில் போட வேண்டும், புண் ஆறிய பிறகும் சில நாள் விடாமல் போட வேண்டும். ராத்திரி செட்டு வாயில் இருக்கவே கூடாது. தேய்ந்த பின்பற்களின் மேல் அன்றைக்கே ஒரு பூச்சு வைத்துத் தற்காலிகமாக உயரத்தை ஏற்றிக் கொடுத்தார். புதுச் செட்டுக்கு அளவும் எடுத்தார். வாசல் வரை வந்து இன்னொன்றும் சொன்னார்: புதுசிலும் சத்தம் வந்தால் தன்னிடம் வர வேண்டும், உப்புத்தாளைத் தொடக் கூடாது.

பஸ்ஸில் இருவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்டாள். உங்கள் அக்கா முத்து என்றார்களே, அதற்கப்புறம் எப்படிச் சொல்வது என்றார் இவர். அக்காவிடம் மட்டும் மூச்சு விடக் கூடாது, உறவு முழுக்கப் பல்லைச் சொல்லியே பீற்றிக்கொண்டிருக்கிறாள், அவள் மானம் போய்விடும் என்று மனைவி முடிவு செய்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, பஸ் இரண்டு நிறுத்தம் தாண்டும்வரை கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அவர் அவள் கையிலிருந்து கைப்பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் சாப்பிட்டு முடித்ததும் மூடியுள்ள ஒரு கண்ணாடி ஜாடியைத் தண்ணீர் ஊற்றி அவர் முன் வைத்தாள். ஸ்டூடியோவில் ஃபிலிம் கழுவும் இருட்டறை இருந்த காலத்தில் ரசாயனம் வைத்திருந்த ஜாடியாம். வெந்நீரில் மூன்று தடவை கழுவியதாகச் சொன்னாள். அதன்மேல் அவள் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: 'முத்து'.

சோதனை முடிவுகள் திங்கட்கிழமை வந்தன. பூஞ்சை என்பது உறுதி. சர்க்கரை சரியாக இருந்தது. இரும்புச் சத்து கொஞ்சம் குறைவு; கடிக்க முடியாததையெல்லாம் ஒதுக்கி ஒதுக்கிச் சாப்பிட்டதால் இருக்கலாம் என்று மாத்திரை கொடுத்தார்கள். மேற்பார்வையாளர் மறுகேள்வி கேட்காமலே ஒரு வாரம் விலக்குத் தந்தார். இந்தத் தடவை கடிதத்தில் 'உதட்டு முனை வெடிப்பு' என்று தெளிவாக எழுதியிருந்தது. மனைவி திருத்திக் கொடுத்தது. ஆறாம் நாள் வெள்ளை ஏடு போயிற்று. பத்தாம் நாள் கொட்டாவி விட்டார். விட்ட பிறகுதான் வலிக்கவில்லை என்பதைக் கவனித்தார். உடனே இன்னொன்று விட்டுப் பார்த்தார்.

புதுச் செட்டு அடுத்த மாதம் வந்தது. அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போன முதல் காலை, கண்ணாடி அறையில் தொண்டையைச் செருமிக்கொண்டு பொத்தானை அழுத்தினார். "எதிர்க்கரைக்குச் செல்லும் படகு, நாலாவது மேடையிலிருந்து, தாமதமாகப் புறப்படும். பயணிகள் காத்திருக்கவும்." ஒரு 'ஆ'வைக்கூட விடவில்லை. கீழே டிக்கெட் கவுண்டர் அம்மாள் ஜன்னலிலிருந்து தலையை நீட்டி மேலே பார்த்தார்.

படிகளில் காலடிச் சத்தம். மேற்பார்வையாளர் வந்தார்; அவர் பின்னால் எலக்ட்ரீசியன், தோளில் ஒரு சுருள் வயரோடு.

"மறுபடியும் டக் டக்குன்னு வருது," என்றார் மேற்பார்வையாளர். "வயரை மாத்திடலாம்."

எலக்ட்ரீசியன் குனிந்து மேஜைக்கு அடியில் போகத் தொடங்கினான். அறிவிப்பாளர் அவன் தோளைத் தொட்டு நிறுத்தினார்.

"வயர் நல்லாத்தான் இருக்கு. அது என் பல்லு. புதுசு. சாயங்காலம் டாக்டர்கிட்டப் போய்ச் சரி பண்ணிட்டு வந்துடறேன்."

எலக்ட்ரீசியன் குனிந்தபடியே தலையைத் தூக்கிப் பார்த்தான். "அப்ப போன தடவை நான் மாத்தினது?"

"அதுவும் நல்ல வயர்தான்," என்றார் மைக் அண்ணன்.

மேஜையில் போன் அடித்தது. எதிர்ச் சாரியிலிருந்து அவள். ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் படத்துக்கு உட்கார்ந்திருந்தவர் ஒலிபெருக்கியைக் கேட்டு, அங்கே உள்ளே யாரோ டைப் அடிக்கிறார்களா என்று கேட்டாராம். "சிரிக்காதீங்கன்னு அவர்கிட்ட சொல்லிட்டு நானே சிரிச்சுட்டேன்யா," என்றாள். "படம் ஆடிப்போச்சு. நீ அடுத்த படகைக் கொஞ்சம் மெதுவா சொல்லு."